தகர டின் சத்தத்திலிருந்து தப்பிச்ச மெட்டாலிகா... 'டெத் மேக்னெட்டிக்' ஏன் ஒரு கெத்தான கம்பேக்?

ஒரு சின்ன வேலை. போனை எடுங்க, ஹெட்போனை மாட்டுங்க. மெட்டாலிகாவோட 'செயின்ட் ஆங்கர்' பாட்டை ஒரே ஒரு நிமிஷம் ஓடவிடுங்க. கிட்டாரை விட்டுடுங்க, டிரம்ஸ் சத்தத்தை மட்டும் கவனிங்க. யாரோ காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுற மாதிரி 'டங்... டங்...'னு கேட்குதா? பயப்படாதீங்க, உங்க ஹெட்போன்ல கோளாறு எதுவும் இல்ல. 2003-ல உலகத்தின் மிகப்பெரிய மெட்டல் பேண்ட் வெளியிட்ட ஆல்பமே இப்படித்தான் இருந்தது.

இப்போ அதே பேண்டோட 'ஆல் நைட்மேர் லாங்' பாட்டைப் போடுங்க. இது 2008. அதே டிரம்மர், அதே கிட்டார் ஆட்கள். ஆனா வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கும். நடுவுல ஓடினது அஞ்சே வருஷம். அந்த அஞ்சு வருஷத்துல என்ன நடந்துச்சுங்கிறதுதான் இந்தக் கதை.

மெட்டாலிகாவைத் தெரியாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு க்ளூ. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நாலாவது சீசன் கடைசியில, எடி மன்சன் அந்த இருட்டு உலகத்துல வீட்டுக்கூரை மேல ஏறி நின்னு வெறித்தனமா கிட்டார் வாசிப்பானே, அந்தப் பாட்டு இவங்களோடதுதான். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. 1986-ல வந்தது. அந்த சீசன் வந்த 2022-ல, பாட்டு வந்து 36 வருஷம் கழிச்சு, உங்க வயசுப் பசங்க அதைத் தேடித் தேடிக் கேட்டாங்க.

கெட்ட நேரம் ஆரம்பிச்சது எங்கே?

1981-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல தொடங்கின பேண்ட் இது. டென்மார்க்ல இருந்து வந்த டிரம்மர் லார்ஸ் உல்ரிக், பாடகர் - கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, இந்த ரெண்டு பேரும்தான் முதல் நாளிலிருந்து இன்னிக்கு வரைக்கும் இருக்கிறவங்க. லீட் கிட்டாரிஸ்ட் கர்க் ஹேமெட் 1983-ல சேர்ந்தவர். பாஸ் கிட்டார்தான் இவங்களுக்கு ராசியில்லாத நாற்காலி. கிளிஃப் பர்ட்டனை எடுத்துக்கோங்க. 1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல டூர் பஸ் கவிழ்ந்து, 24 வயசுலயே இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட்.

1991-ல வந்த, ரசிகர்கள் 'பிளாக் ஆல்பம்'னு கூப்பிடுற ஆல்பம் அமெரிக்காவுல மட்டுமே ஒன்றரைக் கோடிக்கு மேல வித்தது. அதுக்கப்புறம் 'லோட்', 'ரீலோட்'னு ரெண்டு ஆல்பங்கள். முடியை வெட்டினாங்க, வேகத்தைக் குறைச்சாங்க. பழைய ரசிகர்கள் முகம் சுளிச்சாங்க. 2000-ல வந்த நாப்ஸ்டர் விவகாரம் அதைவிட மோசம். இன்டர்நெட்ல பாட்டை இலவசமா பகிர்ந்த அந்த சர்வீஸ் மேல வழக்குப் போட்டதோட நிக்காம, மெட்டாலிகா பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட யூசர்களோட பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தார் லார்ஸ். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனா தன் ரசிகனையே போட்டுக்கொடுத்த பேண்ட்னு பேர் வாங்கினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

2001 ஜனவரியில ஜேசன் நியூஸ்டெட் விலகினார். தனியா இன்னொரு பேண்டுல வாசிக்கணும்னு அவர் ஆசைப்பட்டதும், அதுக்கு ஜேம்ஸ் ஒத்துக்காததும் முக்கியக் காரணம். அதே வருஷம் புது ஆல்பம் வேலையைத் தொடங்கினாங்க. கொஞ்ச நாள்லயே ஜேம்ஸ் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கக் கிளம்பிட்டார். மாசக்கணக்குல ஆள் இல்ல. திரும்பி வந்தப்போ புது ரூல்: மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரைக்கும்தான் வேலை. அவர் இல்லாத நேரத்துல மத்தவங்க ரெக்கார்டிங்கைக் கேட்கக்கூடாது, பேசவும் கூடாது.

லார்ஸுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்கறீங்களா? மொத்தத்தையும் கேமரா பார்த்துக்கிட்டு இருந்தது. ஜோ பெர்லிங்கர், புரூஸ் சினாஃப்ஸ்கி இயக்கி 2004-ல வந்த 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படத்தைப் பாருங்க. ராக் ஸ்டார் வாழ்க்கைன்னா என்னன்னு நாம கற்பனை பண்ணி வெச்சிருக்கிற எல்லாத்தையும் உடைச்சுப் போடும். நாற்பது வயசை நெருங்கின கோடீஸ்வரர்கள், மாசம் 40,000 டாலர் வாங்கின ஒரு மனநலப் பயிற்சியாளர் முன்னாடி உட்கார்ந்து, 'நீ என்னை மதிக்கிறதே இல்ல'ன்னு சண்டை போடுவாங்க. லார்ஸோட அப்பா டார்பன் உல்ரிக், நீளத் தாடி வெச்ச முன்னாள் டென்னிஸ் வீரர், ஒரு டிராக்கைக் கேட்டுட்டு, 'நானா இருந்தா இதை அழிச்சுடுவேன்'ங்கிற தொனியில சொல்ற காட்சி இருக்கு. அப்பாகிட்ட மார்க் ஷீட்டை நீட்டிட்டு நிக்கிற பையன் முகம் அப்போ லார்ஸுக்கு. பார்த்தப்போ எனக்கே பாவமா இருந்தது.

'செயின்ட் ஆங்கர்'ல என்னதான் தப்பு?

சத்தம்தான் முதல் தப்புன்னு எல்லாரும் சொல்வாங்க. ஸ்னேர் டிரம்முக்கு அடியில மெல்லிசான கம்பிகள் வரிசையா இருக்கும். நாம கேட்கிற அந்த 'சட்'டுன்னு வெட்டுற சத்தம் அதனாலதான் வருது. லார்ஸ் அந்தக் கம்பியைத் தளர்த்திட்டு வாசிச்சார். மிஞ்சினது வெறும் 'டங்'.

ஆனா, அது வெளியில தெரிஞ்ச அறிகுறிதான். உள்ளுக்குள்ள ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு, சோலோவே கிடையாது. கர்க் ஹேமெட் மாதிரி ஒரு லீட் கிட்டாரிஸ்டை வெச்சுக்கிட்டு, 75 நிமிஷ ஆல்பத்துல ஒரு சோலோகூட வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. அந்தக் காலத்து டிரெண்ட் அது. கர்க் அமைதியான மனுஷன். ஆனா அவரே அந்தப் படத்துல எதிர்த்துப் பேசுறார். சோலோ இல்லைன்னாதான் இந்தப் பாட்டு இந்த வருஷத்தோட பாட்டுனு முத்திரை குத்தப்பட்டுப் பழசாயிடும்னு அவர் வாதாடுறார். அவர் சொன்னதுதான் நடந்தது.

இன்னொண்ணு, பாட்டு உருவான விதம். கையில ரெடியா பாட்டு எதுவும் இல்லாம ஸ்டூடியோவுக்குள்ள போய், மணிக்கணக்குல சும்மா வாசிச்சு, அதுல நல்லா இருந்த துண்டுகளை கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டினாங்க. பாஸ் கிட்டாரையும் தயாரிப்பாளர் பாப் ராக்கே வாசிச்சார். ரெக்கார்டிங் முடிஞ்ச பிறகு, தங்களோட பாட்டை எப்படி வாசிக்கிறதுன்னு பேண்டே உட்கார்ந்து கத்துக்க வேண்டியிருந்தது. துணியை வெட்டித் தெச்சா சட்டை வரும். தெச்ச துண்டுகளைச் சேர்த்து ஒட்டினா என்ன வரும்?

ஒண்ணை மறக்காம சொல்லணும். அந்த ஆல்பம் தோல்வி இல்ல. அமெரிக்காவுல நம்பர் ஒன்ல நுழைஞ்சது, டைட்டில் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைச்சது. எனக்கே அதுல ஒரு மூணு பாட்டு பிடிக்கும். ஒரு மனுஷன் குணமாகி வர்ற வலி அப்படியே பதிவாகியிருக்கு. ஆனா பிடிச்சு மதிக்கிறது வேற, ரிப்பீட்ல கேட்கிறது வேற.

திருப்பம் தந்த மூணு விஷயம்

முதல் ஆள், ராபர்ட் ட்ருஹியோ. 2003 பிப்ரவரியில பாஸ் கிட்டாரிஸ்டா சேர்ந்தார். சேர்ந்ததுமே 10 லட்சம் டாலர் அட்வான்ஸ். அவர் முகம் போற போக்கு அந்த ஆவணப்படத்துலயே இருக்கு. பணத்தைவிட முக்கியம், அவர் பிக் இல்லாம விரலால வாசிக்கிறவர். கிளிஃப் பர்ட்டனும் அப்படித்தான். 15 வருஷத்துக்கு மேல இல்லாம இருந்த ஒரு அழுத்தம் அடித்தளத்துல திரும்பி வந்தது.

ரெண்டாவது, 2006 டூர். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வெளியாகி 20 வருஷம் ஆனதுக்காக, அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் மேடையில முழுசா வாசிச்சாங்க. இதை நான் பெரிய விஷயமா நினைக்கிறேன். நம்ம பழைய டைரியை எடுத்துப் படிக்கிறது ஒண்ணு. அதை ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி வரிக்கு வரி உரக்கப் படிக்கிறது இன்னொண்ணு. இருபத்தி ரெண்டு வயசுல எந்தப் பயமும் இல்லாம எட்டு நிமிஷப் பாட்டு எழுதின அந்தப் பசங்க யாருன்னு, நாற்பத்தி ரெண்டு வயசுல கைவிரல் வழியா ஞாபகப்படுத்திக்கிட்டாங்க. மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ரூம்ல கைக்குச் சூடேத்த வாசிக்கிறதையும் ரெக்கார்டு பண்ணி வெச்சாங்க. புது ஆல்பத்துக்கான மூலப்பொருள் நிறைய அதுலேருந்துதான் வந்தது.

மூணாவது, ரிக் ரூபின். புத்தர் மாதிரி தாடி வெச்சுக்கிட்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். 1991-க்கு அப்புறம் தங்களோட ஸ்டூடியோ ஆல்பங்களைத் தயாரிச்ச பாப் ராக்கை விட்டுட்டு, மெட்டாலிகா இவர்கிட்ட வந்தாங்க. 1986-லயே ஸ்லேயர் பேண்டுக்கு 'ரெய்ன் இன் பிளட்' செஞ்சு கொடுத்தவர். மார்க்கெட் போயிருந்த ஜானி கேஷை 1994-ல ஒத்தைக் கிட்டாரோட உட்காரவெச்சுத் திரும்ப உச்சத்துக்குக் கொண்டுவந்தவர். ரூபினுக்கு பட்டன் தட்டத் தெரியுமா தெரியாதாங்கிறது பெரிய பட்டிமன்றம். அவர் வேலையே வேற. கேள்வி கேட்கிறது.

மெட்டாலிகாகிட்ட அவர் கொடுத்த ஹோம்வொர்க் சிம்பிள். 'நீங்க மெட்டாலிகா இல்லைன்னு நினைச்சுக்கோங்க. உங்களுக்கு ஹிட் பாட்டு எதுவும் கிடையாது. ஒரு போட்டியில வாசிச்சு ஜெயிக்கணும். என்ன வாசிப்பீங்க?' சாரம் இவ்வளவுதான். பழைய பாட்டைக் காப்பியடிக்கச் சொல்லல. அந்தப் பாட்டை எழுதின காலத்துல என்ன கேட்டீங்க, எப்படி யோசிச்சீங்கன்னு போய்ப் பாருங்கன்னார். கூடவே, பாட்டை முழுசா எழுதி, சேர்ந்து வாசிச்சுப் பழகி முடிக்காம ரெக்கார்டிங் பட்டனைத் தொடக்கூடாதுன்னும் சொன்னார். போன தடவைக்கு அப்படியே நேரெதிர்.

ஆல்பத்துக்குள்ள என்ன இருக்கு?

2008 செப்டம்பர் 12. 'டெத் மேக்னெட்டிக்' வெளியானது. பத்துப் பாட்டு. இதயத்துடிப்புச் சத்தத்தோட ஆரம்பிக்கும், அதுலயே ஆல்பத்தோட மூடு புரிஞ்சுடும். தலைப்பு, இளம் வயசுலயே போய்ச் சேர்ந்த இசைக்கலைஞர்களை நினைச்சு வந்தது. போதைப்பழக்கத்தால 2002-ல இறந்த 'ஆலிஸ் இன் செயின்ஸ்' பாடகர் லேன் ஸ்டேலியோட போட்டோவை கர்க் ஸ்டூடியோவுல மாட்டி வெச்சிருந்தார். குடியிலிருந்து மீண்டு வந்த ஜேம்ஸ் மனசையும் அந்தப் படம் பாதிச்சது.

சோலோ திரும்பி வந்தது. வந்ததுன்னா, அடைச்சு வெச்சிருந்த அணையைத் திறந்துவிட்ட மாதிரி. அஞ்சு வருஷக் கோபத்தையும் கர்க் ஒரே ஆல்பத்துல தீர்த்துக்கிட்டார்னு எனக்குத் தோணும். கிட்டாரைக் கீழே இறக்கி டியூன் பண்ற பழக்கத்தையும் பெரும்பாலும் விட்டுட்டு, 80-களோட பழைய டியூனிங்குக்கு வந்தாங்க. அதனால ஜேம்ஸ் குரல்லயும் ஒரு விறைப்பு. 1988-க்குப் பிறகு முதல்முறையா ஸ்டூடியோ ஆல்பத்துல குரலே இல்லாத ஒரு பாட்டு, கிட்டத்தட்ட பத்து நிமிஷம். ஸ்னேர் டிரம் கம்பியும் ஒழுங்கா மாட்டியிருந்தது!

ரசிகர்களுக்கு மட்டும் புரியுற ஒரு ரகசியச் சிரிப்பும் இதுல உண்டு. மெட்டாலிகா ஆல்பத்துல நாலாவது பாட்டுன்னா ஸ்பெஷல். 'ஃபேட் டு பிளாக்', 'வெல்கம் ஹோம்', 'ஒன்', 'தி அன்ஃபர்கிவன்' எல்லாமே அந்தந்த ஆல்பத்துல நாலாவதுதான். மெதுவா, சோகமா ஆரம்பிச்சு மேல ஏறும். 'டெத் மேக்னெட்டிக்'ல நாலாவது எது தெரியுமா? 'தி டே தட் நெவர் கம்ஸ்'. அப்பாவியா தொடங்கி, அஞ்சாவது நிமிஷத்துக்குள்ள எங்கேயோ கொண்டுபோய் விட்டுடும். வீட்டுக்கு வந்து பழைய நாற்காலியில உட்கார்ற சுகம்.

வெறும் மூணு நாள்ல அமெரிக்காவுல 4.9 லட்சம் காப்பிகள் போச்சு. தொடர்ச்சியா அஞ்சு ஸ்டூடியோ ஆல்பங்கள் நம்பர் ஒன்ல அறிமுகமான முதல் பேண்ட்னு பேர் வாங்கினாங்க. இன்னொரு கூத்து கேளுங்க. ரிலீஸுக்குப் பத்து நாள் முன்னாடியே ஃபிரான்ஸ்ல ஒரு கடையில ஆல்பத்தை வித்துட்டாங்க. அடுத்த நாளே மொத்தமும் நெட்ல. நாப்ஸ்டர் யூசர்களைப் பட்டியல் போட்ட அதே லார்ஸ் என்ன பண்ணார்? பத்து நாள் முன்னாடி லீக் ஆச்சுன்னா நல்லாதான் போகுதுன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார். மனுஷன் மாறியிருந்தார்.

ஆனா, ஏன் தலை வலிக்குது?

எல்லாம் சரி. முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சுல கேட்டீங்கன்னா, நாலாவது பாட்டுக்கப்புறம் காது சோர்ந்துபோகும். உங்க காதுல தப்பில்ல. 'சத்தப் போர்'னு ஒண்ணு இருக்கு, ஆங்கிலத்துல லவுட்னஸ் வார்.

ஒரு பாட்டுல மெதுவான இடமும் இருக்கும், உரக்க வர்ற இடமும் இருக்கும். கிசுகிசுன்னு பேசிட்டு இருக்கிறவர் திடீர்னு கத்தினாதான் தூக்கிவாரிப்போடும். ஆரம்பத்துலேருந்தே கத்திக்கிட்டு இருந்தா? பத்து நிமிஷத்துல கவனிக்கவே மாட்டோம். ரேடியோவுல, கார்ல, மத்த பாட்டைவிட நம்ம பாட்டு சத்தமா கேட்கணும்னு 90-கள்லேருந்து எல்லா கம்பெனியும் மெதுவான இடத்தையும் தூக்கி உரக்க வெச்சாங்க. உச்சிக்கு மேல போக சிடியில இடம் கிடையாது. அதனால அலையோட தலை வெட்டுப்பட்டு, கரகரன்னு ஒரு பொரியல் சத்தம் வரும். அந்தப் பாட்டை கம்ப்யூட்டர்ல படமா பார்த்தா, மலையும் பள்ளமுமா இருக்கவேண்டியது அடுக்கி வெச்ச செங்கல் மாதிரி இருக்கும்.

'டெத் மேக்னெட்டிக்' இதுல ஒரு எல்லையைத் தாண்டிடுச்சு. அது வெளியில தெரிஞ்ச விதம்தான் ஜாலி. கிட்டார் ஷேப் கன்ட்ரோலரை வெச்சு விளையாடுற 'கிட்டார் ஹீரோ' கேம்ல, அதே நாள் இந்த ஆல்பமும் வந்தது. கேமுக்குக் கிட்டார் தனி, டிரம்ஸ் தனினு டிராக் வேணும். அதனால நசுக்கப்படாத பழைய பதிப்பு கேமுக்குப் போயிருந்தது. பசங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. கேம்ல டிரம்ஸ் மூச்சு விடுது, காசு கொடுத்து வாங்கின சிடியில நசுங்கிக் கிடக்குது! ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் பண்ணுங்கன்னு மனு போட்டாங்க. கடைசிக்கட்ட மாஸ்டரிங் செஞ்ச டெட் ஜென்சனே, என்கிட்ட வரும்போதே அது இப்படித்தான் வந்ததுன்னு ஒரு ரசிகருக்குப் பதில் எழுதி, அது ஊரெல்லாம் சுத்துச்சு.

என் கருத்து? மனு போட்டவங்க பக்கம்தான் நியாயம். இவ்வளவு கஷ்டப்பட்டு மீண்டு வந்த ஒரு வாசிப்பை, கடைசி நிமிஷத்துல வால்யூம் பட்டன்ல கெடுத்தது அநியாயம். இன்னிக்கு இந்தச் சண்டையே அர்த்தமில்லாம போச்சுங்கிறதுதான் காமெடி. ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் சத்தமான பாட்டைத் தானாவே குறைச்சு, எல்லாத்தையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துடுது. யாரை முந்தணும்னு கத்தினாங்களோ, அந்த முந்தல் போயிடுச்சு. நசுங்கினது மட்டும் அப்படியே நிக்குது.

அப்புறம் என்ன ஆச்சு?

2009-ல கிளீவ்லேண்ட்ல ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழா. ஜேசன் நியூஸ்டெட்டைக் கூப்பிட்டாங்க. ட்ருஹியோவும் ஜேசனும், ரெண்டு பாஸ் கிட்டாரிஸ்ட்டும் ஒரே மேடையில நின்னு வாசிச்சாங்க. கிளிஃப் சார்பா அவரோட அப்பா ரே பர்ட்டன் வந்து மேடையில நின்னார்.

2011 அக்டோபர்ல இந்தியாவுக்கும் வந்தாங்க. குர்கானில் நடக்கவேண்டிய முதல் ஷோ பாதுகாப்புக் குளறுபடியில ரத்தாகி, கூட்டம் மேடையையே உடைச்சுடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கறுப்பு டீ-ஷர்ட்டோட நைட் பஸ் ஏறின அண்ணன்கள் உங்க தெருவுலயும் ஒருத்தர் இருப்பார். கேட்டுப் பாருங்க, அன்னிக்குப் பெய்ஞ்ச மழையிலேருந்து ஆரம்பிப்பார்.

ஜேம்ஸ் 2019-ல திரும்பவும் சிகிச்சைக்குப் போனார். டூரை ரத்து பண்ணிட்டு, வெளிப்படையா சொல்லிட்டுப் போனார். இந்தத் தடவை பேண்ட் உடையல, காத்திருந்தது. 2023-ல '72 சீசன்ஸ்' வந்தது.

புதுசா கேட்கப்போறவங்களுக்கு என் சிபாரிசு: முதல்ல 'தி டே தட் நெவர் கம்ஸ்'. பிடிச்சிருந்தா 'ஆல் நைட்மேர் லாங்', அப்புறம் 'பிரோக்கன், பீட் அண்டு ஸ்கார்டு'. ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை ஹெட்போனைக் கழட்டி காதுக்கு ரெஸ்ட் கொடுங்க. வால்யூமை வழக்கத்தைவிட ரெண்டு புள்ளி குறைச்சே வைங்க. மிச்சத்தை அவங்க பார்த்துக்குவாங்க!